பல்லு டொக்டரிட்ட போய் வருத்தம் வாங்கிக்கொண்டு வாறதா?

2024 ஜூன் 9, பின்னேரம் 5.10. கேள்வி: திருகோணமலை, உவர்மலை வாசி

கடைவாய்ப் பல்லு ஒண்டு பிடுங்க வேணுமாம், பக்கத்துப் பல்லுக்கு வேர்ச் சிகிச்சையாம். பெரியாஸ்பத்திரிக்குப் போக வீட்டுக்காரி விடுறா இல்ல. சனம் கூட, ஒரே குறட்டைத்தான் எல்லார்ட வாயிலயும் வைப்பாங்க, இல்லாத வருத்தமெல்லாம் தொத்தும் எண்டுறா. காசு போனாலும் பரவாயில்ல, ஏசி போட்ட கிளினிக் ஒண்டுக்குப் போவமாம். என்ட கருத்தும் அதுதான். பிறைவேட் எண்டா சுத்தம். ஆரும் மறுத்துச் சொல்ல ஏலுமா?

2024 ஜூன் 9, இரவு 9.40

ஏலும். நான் மறுக்கிறன்.

எனக்குத் தொழில் ஏசி, ஃபிரிஜ் திருத்துறது. அதோட திருகோணமலை, கிண்ணியா, கந்தளாய்ப் பக்கம் பல்லுக் கிளினிக்குகளில கதிரை, கொம்பிறசர், ஒட்டோகிளேவ் (நீராவியால சாமானில கிருமி நீக்கிற மெஷின்) பழுதாப்போனா என்னையும் கூப்பிடுவாங்க. நான் டொக்டர் இல்ல, நேர்ஸும் இல்ல. நோயாளி கதிரையில படுத்து முகட்டைப் பாக்கிற நேரம், நான் அதே கதிரைக்குக் கீழ கிடந்து குழாயைப் பாக்கிறவன்.

முதல்ல ஏசி. ஏசி குளிராக்கும், கிருமியைக் கொல்லாது. ஏசி பூட்டிச் சம்பாதிக்கிறவனே சொல்றன், நம்புங்க. வெள்ளை ரைல்ஸ், கண்ணாடிக் கதவு, வரவேற்பில இருக்கிற பிள்ளையின்ட சிரிப்பு, இதுகளும் அப்பிடித்தான்.

அடுத்தது அந்தக் குறடு. உங்கட வீட்டுக்காரி பயப்படுற சாமான்தான் உள்ளதுக்குள்ள பிரச்சினை குறைஞ்சது. அது ஒரு கட்டி இரும்பு. ஓட்டை இல்ல, குழாய் இல்ல. நல்லாத் தேய்ச்சுக் கழுவி ஒட்டோகிளேவில போட்டா லேசாச் சுத்தமாகும். பெரிய ஆஸ்பத்திரியில குறடு ஒண்டு ரெண்டு இல்ல, கட்டுக்கட்டா இருக்கும். சத்திரசிகிச்சைக் கூடம் நடக்கிற இடத்தில பெரிய ஒட்டோகிளேவ் தினமும் ஓடியே ஆக வேணும். நீங்க கூடக் கவனிக்க வேண்டியது ட்ரில் பண்ற வேலையை, அதாவது உங்கட வேர்ச் சிகிச்சையை. ஏனெண்டு பிறகு எழுதுறன்.

இப்ப ஒண்டு மட்டும் சொல்றன். அறையைப் பாக்காதீங்க, கையைப் பாருங்க.

நான் ஒரு இடத்தில லைற் மாத்திக்கொண்டு நிண்டு பாத்தது இது. கிளவுஸ் போட்ட கை வாய்க்குள்ள போகுது. அதே கை மேல வந்து லைற்றின்ட பிடியை இழுக்குது. லாச்சியைத் திறக்குது, உள்ள நாலைஞ்சு சாமானைத் தட்டித் துழாவி ஒண்டை எடுக்குது. போன் அடிக்குது, எடுத்துக் கதைக்குது. மூக்கில இறங்கின மாஸ்க்கை ஏத்துது. பஞ்சு போத்தல் மூடியைத் திறந்து, ரெண்டு விரலை விட்டுப் பஞ்சு எடுக்குது. திரும்ப வாய்க்குள்ள போகுது. அடுத்த ஆள் வரேக்க கிளவுஸ் புதுசு, அது உண்மை. ஆனா அந்தப் பிடி, அந்த லாச்சி, அந்தப் பஞ்சு எல்லாம் பழைய ஆளின்டதானே? புதுக் கிளவுஸ் முதலாவதாத் தொட்டது அந்த லைற் பிடியை.

அந்த இடத்தில ஏசி நல்லாவே குளிர்ந்திது. நான்தான் பூட்டினது.

2024 ஜூன் 10, காலை 6.55

‘ஒட்டோகிளேவ் எண்டா பிரஷர் குக்கர்தானே, அதைப் பெரிய விஷயமா எழுதுறீங்க’ எண்டு ஒரு தம்பி கேட்டிருக்கார். ஓம் தம்பி, குக்கர்தான். ஆனா பருப்பு அவிஞ்சிட்டுதா எண்டு பாக்கிறது லேசு, கிருமி செத்திட்டுதா எண்டு பாக்கிறது கஷ்டம்.

சும்மா கொதிக்கிற தண்ணி 100 பாகைக்கு மேல போகாது. சில கிருமி தன்னைச் சுத்தி வித்து மாதிரி ஓடு கட்டிக்கொண்டு அந்தச் சூட்டிலயும் தப்பும். அழுத்தம் குடுத்தா நீராவி 121 பாகைக்கு ஏறும். அந்தச் சூட்டில 15 நிமிசம், இல்லாட்டி இன்னும் அழுத்தம் கூட்டி 134 பாகையில 3 நிமிசம் நிக்க வேணும். நிமிசக் கணக்கு சூடு ஏறி முடிஞ்ச பிறகுதான் தொடங்கும், சுவிச் போட்ட நேரத்தில இருந்து இல்ல.

சாமானைப் போட்டு ஒட்டுற கடுதாசிப் பை, அதுதான் பவுச், அதில இருக்கிற கோடு நிறம் மாறினா ‘இது சூடு பட்டது’ எண்டுதான் அர்த்தம். உண்மையாக் கிருமி செத்ததா எண்டு பாக்க வேறொரு சோதனை இருக்கு. சூட்டுக்கு லேசில சாகாத ஜியோபசிலஸ் எண்ட பக்டீரியாவின்ட வித்தைச் சின்னக் குப்பியில வைச்சு உள்ள ஓட விட்டு, பிறகு வளருதா எண்டு பாக்கிறது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின்ட வழிகாட்டி அதைக் கிழமைக்கு ஒருக்காச் செய்யச் சொல்லுது. நான் மெஷின் திருத்தப் போற இடங்களில இந்தக் குப்பியைப் பத்திக் கேட்டா, கனபேர் நான் ஏதோ விக்க வந்தவன் எண்டு நினைக்கிறாங்க.

2024 ஜூன் 10, பகல் 1.15

நீல லைற் பெட்டி! அதைச் சொல்ல விட்டுட்டன்.

கண்ணாடிக் கதவு போட்ட ஒரு சின்ன அலுமாரி, உள்ள நீல வெளிச்சம், தட்டில கண்ணாடியும் கொக்கியும் வரிசையா அடுக்கியிருக்கும். பாக்க வலு வடிவு. அது சாமானைச் சுத்தமாக்கிற பெட்டி இல்ல. ஏற்கெனவே சுத்தமாக்கின சாமானை வைக்கிற பெட்டி. அந்த வெளிச்சம் படுற பக்கத்தில மட்டும் ஏதோ கொஞ்சம் வேலை செய்யும். கீழ்ப்பக்கம், மூட்டு, இடுக்கு ஒண்டிலயும் படாது. அழுக்குச் சாமானைக் கழுவி நேரா அதுக்குள்ள வைச்சா, அழுக்குச் சாமானுக்கு வெளிச்சம் போட்ட கணக்குத்தான்.

மருந்துத் தண்ணியில ஊற வைக்கிறதும் அப்பிடி. குளுட்டரல்டிஹைட் எண்ட பச்சைத் தண்ணி 2 வீதக் கரைசலில முழுசாத் தொற்றுநீக்க 10 மணித்தியாலம் ஊற வேணும். ரெண்டு நோயாளிக்கு நடுவில பத்து மணித்தியாலம் ஆரிட்ட இருக்கு?

2024 ஜூன் 10, இரவு 10.20

இப்ப ட்ரில்.

நாங்க ட்ரில் எண்டுற சாமானை அவங்க ஹாண்ட்பீஸ் எண்டுவாங்க. தலைக்குள்ள ஒரு சின்னக் காத்தாடி, பேனாத் தலையை விடச் சின்னன். கொம்பிறசர்க் காத்து அடிக்க அது நிமிசத்துக்கு 3 இலட்சம் சுற்று அளவில சுத்தும். அந்தச் சத்தம்தான் எல்லாருக்கும் பயம். எனக்குப் பயம் சத்தம் நிக்கிற நேரத்தில. காத்தை நிப்பாட்டினதும் காத்தாடி உடன நிக்காது, தன்ட வேகத்தில இன்னும் கொஞ்சம் சுத்தும். அந்த நேரம் வாய்ப்பக்கம் இருக்கிற எச்சில், ரத்தம், பல்லுத்தூள் எல்லாத்தையும் உள்ளுக்கு இழுக்கும். திரும்பிப் போகாம இருக்க ஒரு வால்வு இருக்கு. வால்வு ரப்பர்தான், தேயும். தேய்ஞ்சதை நான் கழட்டி மாத்தியிருக்கிறன்.

ஆகவே வெளியில ஸ்பிரிட் பஞ்சால துடைச்சா அது உள்ளுக்குப் போனதை ஒண்டும் செய்யாது. ஒவ்வொரு ஆளுக்குப் பிறகும் கழட்டி, கழுவி, எண்ணெய் விட்டு, பவுச்சில போட்டு ஒட்டோகிளேவ் பண்ண வேணும். உள்ள குழாய் இருக்கிறபடியா, முதல்ல காத்தை உறிஞ்சி வெளியேத்திப்போட்டு நீராவி விடுற மெஷின்தான் இதுக்குத் திறம்.

ஏன் கனபேர் செய்யாம விடுறாங்க? கணக்கு லேசு. ஒரு சுற்று ஓடி, காய்ஞ்சு, ஆற முக்கால் மணித்தியாலம் போகும். பின்னேரம் நாலு மணியில இருந்து எட்டு மணி வரை ஆள் மாறி ஆள் வந்தா, ஹாண்ட்பீஸ் ஒண்டு ரெண்டு போதாது, ஒரு தட்டு நிறைய வேணும். நல்ல சாமான் விலை. டொலர் ஏறின பிறகு கேக்கவே வேண்டாம். ஒட்டோகிளேவில அடிக்கடி போனா பேரிங்கும் கெதியாப் போகும். அதால துடைச்சு விடுறது.

உவர்மலை அண்ணைக்கு: நீங்க கேக்க வேண்டிய கேள்வி ‘கிளவுஸ் மாத்துவீங்களா’ எண்டு இல்ல. ‘டொக்டர், உங்களிட்ட எத்தனை ஹாண்ட்பீஸ் இருக்கு?’ எண்டு கேளுங்க. பதில் வர எடுக்கிற நேரத்திலயே விளங்கும்.

2024 ஜூன் 12, இரவு 11.05

தண்ணியைப் பத்தி ஒருத்தரும் கேக்கேல்ல. அதால நானே எழுதுறன். இதுதான் எனக்கு வலு விருப்பமான பகுதி, வீட்டில இதைக் கதைச்சா சாப்பாட்டை விட்டு எழும்பிப் போறாங்க.

கதிரைக்குக் கீழ ஒரு மூடி இருக்கு. அதைக் கழட்டினா மெல்லிய பிளாஸ்டிக் குழாய்கள், உள்துளை குண்டூசித் தலை அளவு. அதுக்குள்ளாலதான் உங்கட வாய்க்குத் தண்ணி வருது. ஒரு கிளினிக்கில தண்ணி மெல்லமா வருது எண்டு கூப்பிட்டாங்க. குழாயைக் கழட்டி, ஒரு துண்டை பிளேட்டால நீட்டுக்கு வெட்டி விரிச்சன். உள்பக்கம் முழுக்க மண்ணிறத்தில ஒரு சவ்வு. விரல் நகத்தால சுரண்ட வழுக்கிக்கொண்டு கையோட வந்திது, மணம் பூட்டிக் கிடந்த தண்ணித் தாங்கியின்ட மணம். டொக்டரைக் கூப்பிட்டுக் காட்டினன். மனுசன் கொஞ்ச நேரம் பாத்துக்கொண்டே நிண்டுபோட்டு, அண்டைக்கு மிச்ச ஆக்களைத் திருப்பி அனுப்பினார். எனக்கு அந்த ஆளில மரியாதை வந்தது அண்டைக்குத்தான். அழுக்கு எல்லா இடத்திலயும் வரும், கண்டா என்ன செய்யிறார் எண்டதுதான் முக்கியம்.

ஏன் வருது? குழாய் மெல்லிசு, தண்ணி நாள் முழுக்க ஓடாது, ராவைக்குத் தேங்கும், எங்கட ஊர் வெக்கை. கிருமிகள் சுவரில ஒட்டிக் குடியேறும். நல்ல சுகமா இருக்கிற ஒரு ஆளுக்கு இதால வழக்கமா ஒண்டும் நடக்காது. ஆனா வயசு போனவங்களும் சின்னப் பிள்ளைகளும் வேற கதை. இத்தாலியில 2011 இல் 82 வயசு அம்மா ஒராள் லீஜியனெல்லா எண்ட தண்ணிக் கிருமியால வந்த நிமோனியாவில செத்தா. தேடிப் பாத்தா அதே கிருமி அவ போன பல்லு டொக்டரின்ட தண்ணிக் குழாயில இருந்திருக்கு. அமெரிக்காவில 2015 இல் ஜோர்ஜியா மாநிலத்திலயும் 2016 இல் கலிபோர்னியாவின்ட அனஹைமிலயும், பால்பல்லுக்கு நரம்பு வைத்தியம் செய்த பிள்ளைகள் கனபேருக்கு மைக்கோபக்டீரியம் வகைக் கிருமி தாடை வரை போய், ஆஸ்பத்திரியில வைச்சு வெட்டி எடுக்க வேண்டி வந்தது. ரெண்டுக்கும் காரணம் குழாய்த் தண்ணி. இதெல்லாம் காசுக்குக் குறைவில்லாத இடங்கள், ஏசியும் இருந்திருக்கும்.

அமெரிக்க வழிகாட்டியில ஒரு மில்லிலீட்டர் தண்ணியில கிருமிக் குடியிருப்பு 500 க்கு மேல போகக் கூடாது. குடிக்கிற தண்ணிக்கும் அதே கணக்கு. ஒவ்வொரு ஆளுக்குப் பிறகும் 20 - 30 செக்கன் தண்ணியைச் சும்மா ஓட விட வேணும். எலும்பில வெட்டுற வேலைக்கு இந்தக் குழாய்த் தண்ணியே கூடாது, கிருமி நீக்கின சேலைன்தான்.

நீங்க கதிரையில இருந்து பாக்கக் கூடியது: உங்கட வாய்க்குள்ள வைக்க முதல் ட்ரில்லைத் துப்புற கோப்பைக்கு மேல பிடிச்சுக் கொஞ்ச நேரம் ஓட விடுறாரா எண்டு பாருங்க. விட்டா ஆள் தொழில் தெரிஞ்சவர்.

2024 ஜூன் 12, இரவு 11.30

மேல எழுதினதோட இன்னொண்டு. ஒரு கிளினிக்கில ஏசியால வடியிற தண்ணியை வாளியில பிடிச்சு ஒட்டோகிளேவுக்கு விட்டவங்க. ‘வடிச்ச தண்ணிதானே, காசு மிச்சம்’ எண்டு எனக்கே பாடம். அது ஏசியின்ட தகட்டில இருக்கிற தூசி, பூஞ்சணம் எல்லாத்தையும் கழுவிக்கொண்டு வாற தண்ணி. மெஷினுக்குள்ள விட்டதைக்கூட மன்னிக்கலாம். மிஞ்சினதை, நோயாளியின்ட வாய்க்குத் தண்ணி போற கதிரைப் போத்தலுக்கும் விட்டிருக்கிறாங்க.

குழாய்த் தண்ணியை ஒட்டோகிளேவுக்கு விட்டாலும் கறை கட்டும், கிணத்துத் தண்ணி அதைவிட மோசம். காய்ச்சி வடிச்ச தண்ணிப் போத்தல் கடையில வாங்கிறதுதான் வழி. கன்னியாவில ஏழு கிணத்தில வெந்நீர் சும்மா கிடைக்குதே எண்டு ஒருத்தர் எழுதியிருக்கார். அண்ணை, அந்தச் சூட்டில கிருமி குளிச்சுப்போட்டு வரும்.

2024 ஜூன் 13, காலை 7.20

‘மான் கிளினிக் குப்பையைக் கிழிச்சதாமே, உண்மையா’ எண்டு கேட்டவருக்கு: ஓம், உண்மைதான். திருகோணமலை டவுனுக்குள்ள மான் குப்பை மேயிறது எங்களுக்குப் புதினம் இல்ல. ஒரு விடியக்காலை கிளினிக் ஒண்டின்ட பின் வாசலில மான் ஒண்டு கறுப்புப் பையைக் கிழிச்சுக்கொண்டு நிண்டிது, வாயில கிளவுஸ் தொங்குது. ரத்தப் பஞ்சும் கிளவுஸும் மஞ்சள் பையில வேற போக வேணும், ஊசி குத்துப்படாத பெட்டியில போக வேணும். குப்பை ஏத்துற தம்பிமார் வெறுங்கையால அள்ளுறாங்க. நோயாளியின்ட சுகாதாரம் கதைக்கிற நாங்க அவங்களைக் கணக்கில எடுக்கிறதில்ல.

2024 ஜூன் 15, பின்னேரம் 4.00

நான் எழுதினதைப் பாத்துப்போட்டு ஒரு அக்கா ‘இனிப் பல்லு டொக்டர் பக்கமே போகமாட்டன்’ எண்டு எழுதியிருக்கா. அக்கா, அப்பிடியில்ல. எது எவ்வளவு எண்டு பாப்பம்.

ரத்தத்தால தொத்துறதில முக்கியமானது மூண்டு: ஹெப்படைட்டிஸ் பி, சி, எச்ஐவி. வருத்தக்காரருக்குக் குத்தின ஊசி தவறுதலா ஒரு சுகாதார ஊழியருக்குக் குத்திப்போட்டா எவ்வளவு தொத்தும் எண்ட கணக்கு இருக்கு. ஹெப்படைட்டிஸ் பி எண்டா, தடுப்பூசி போடாதவங்களுக்கு நூறில 6 இல இருந்து 30 வரை தொத்தும். சி அதை விடக் கனக்கக் குறைவு. எச்ஐவி ஆயிரத்தில 3. எல்லாரும் பயப்படுற எச்ஐவி, பியை விடக் கனக்கக் கீழ. ஒருத்தரும் கதைக்காத ஹெப்படைட்டிஸ் பி காய்ஞ்ச ரத்தத்தில 7 நாள் வரை உயிரோட கிடக்கும்.

இது டொக்டருக்கும் உதவியாளர்ப் பிள்ளைக்கும் உள்ள ஆபத்து, அவங்கதான் நாள் முழுக்க ஊசியோட நிக்கிறது. கதிரையில படுத்திருக்கிற எங்களுக்கு இதை விடக் கனக்கக் குறைவு. உலகத்திலயே ஒருத்தரிட்ட இருந்து இன்னொருத்தருக்குப் பல்லுக் கிளினிக்கால தொத்தினது எண்டு நிரூபிச்ச சம்பவங்கள் கொஞ்சம்தான். 2013 இல் அமெரிக்காவின்ட துல்சா நகரத்தில ஒரு டொக்டரிட்ட துருப்பிடிச்ச சாமான், சரியில்லாத தொற்றுநீக்கம் எண்டு பிடிபட, 7,000 பேரளவுக்குக் கடிதம் போட்டு ரத்தம் பரிசோதிக்கச் சொன்னாங்க. நோயாளியிட்ட இருந்து நோயாளிக்கு எண்டு மரபணுவால உறுதியானது ஒரே ஒரு ஹெப்படைட்டிஸ் சி. 1990 இல் புளோரிடாவில ஒரு டொக்டரிட்ட இருந்து எச்ஐவி நோயாளிகளுக்குப் போனது தெரிய வந்தது, மொத்தம் 6 பேர். எப்பிடிப் போனது எண்டு கடைசி வரை பிடிபடேல்ல. அந்த வழக்குக்குப் பிறகுதான் அமெரிக்காவில சனம் கேள்வி கேக்கத் தொடங்கினது.

எங்கட பிள்ளைகளுக்கு ஹெப்படைட்டிஸ் பி ஊசி 2003 இல் தேசியத் திட்டத்தில சேர்ந்தது. அதுக்கு முதல் பிறந்த நாங்க தனியாப் போட்டாத்தான் உண்டு: முதல் ஊசி, ஒரு மாசத்தால ரெண்டாவது, ஆறாம் மாசம் மூண்டாவது. நான் போட்டுட்டன். குழாய் கழட்டிறவனுக்கும் குத்தும்.

2024 ஜூன் 15, இரவு 8.45

கிண்ணியாவில இருந்து ஒரு தங்கச்சி தனியா எழுதினவ, பேர் போடாமப் பதில் சொல்லச் சொல்லி. மாப்பிள்ளைக்கு ஹெப்படைட்டிஸ் பி இருக்காம். ஒரு இடத்தில உண்மையைச் சொன்னதுக்குக் ‘கடைசி ஆளா வாங்க’ எண்டு இரவு வரை வைச்சிருந்து, பிறகு ‘எங்களால ஏலாது’ எண்டு அனுப்பிப்போட்டாங்களாம். இனி மறைச்சாத்தான் நல்லமா எண்டு கேக்கிறா.

மறைக்க வேண்டாம் தங்கச்சி. ஈரல் பழுதெண்டா ரத்தம் நிக்கச் சுணங்கும், சில மருந்து குடுக்கக் கூடாது. டொக்டருக்குத் தெரிஞ்சிருக்க வேணும், அது உங்கட மாப்பிள்ளையின்ட நன்மைக்கு. ஆனா அவங்க அனுப்பினது பிழை. தனக்கு ஹெப்படைட்டிஸ் இருக்கெண்டே தெரியாம வாற ஆக்கள் கனபேர். அதால ஆர் வந்தாலும் வருத்தம் இருக்கெண்டு நினைச்சே வேலை செய்ய வேணும் எண்டுதான் விதி. அப்பிடிச் செய்யிற இடத்தில முதல் ஆள், கடைசி ஆள் எண்ட பேதமே வேண்டாம். கடைசி ஆளா வரச் சொல்றவர், தன்ட மற்ற நோயாளிகளுக்கு என்ன செய்யிறார் எண்டதைத் தானே காட்டிக்குடுக்கிறார். அப்பிடியான இடத்துக்கு வருத்தமில்லாத நானும் போகமாட்டன்.

2024 ஜூன் 16, காலை 9.10

ஆஸ்பத்திரிச் சத்திரசிகிச்சைக் கூடத்தில வேலை செய்யிற ஒரு அக்கா எழுதினவ: நான் 10 ஆம் திகதி போட்ட 15 நிமிசம், பொதி கட்டாமத் திறந்து வைச்ச சாமானுக்கு. பவுச்சில போட்டதெண்டா, காத்தை உறிஞ்சாத சாதாரண மெஷினில 121 பாகைக்கு 30 நிமிசம் வேணும். ஈரமா எடுத்தா பவுச்சுக் கடுதாசிக்குள்ளால கிருமி ஊறும், அதால காயவும் விட வேணும். மேல இருக்கிறதை இதோட சேர்த்து வாசியுங்க.

அக்கா இன்னொண்டும் சொன்னவ. ‘கழுவாம ஒட்டோகிளேவ் பண்ணினா, அவிஞ்ச அழுக்குத்தான்.’

2024 ஜூன் 17, இரவு 10.00

பெருநாள் நாள். கிண்ணியாவில ஒரு கூட்டாளி வீட்டில சாப்பாடு. எலும்பு கடிச்சுப் பல்லுடைஞ்ச கதை அங்கயே ஒண்டு கேட்டன். நாளைக்குக் கிளினிக்குகளுக்கு நல்ல யாவாரம்.

2024 ஜூன் 18, இரவு 9.25

‘கரண்ட் போனா ஒட்டோகிளேவ் என்னாகும்’ எண்டு கேட்டது நல்ல கேள்வி. 2022 இல் மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்ல, ஞாபகம் இருக்கும். ஒட்டோகிளேவ் பாதியில நிண்டா மிச்சத்தை மட்டும் ஓட ஏலாது, முதல்ல இருந்து தொடங்க வேணும். அந்தக் காலத்தில சில டொக்டர்மார் ராவு ஒரு மணிக்குக் கரண்ட் வர எழும்பி வந்து மெஷின் போட்டவங்க. சிலர் ஜெனரேற்றரில கதிரையை மட்டும் ஓட்டினவங்க, ஒட்டோகிளேவ் இழுக்கிற கரண்டுக்கு அது தாங்காது. அப்ப சாமான் எங்க சுத்தமானது? நான் கேட்டன். பதில் வரேல்ல, அடுத்த முறை என்னைக் கூப்பிடவும் இல்ல.

ஆனா பயத்தில போகாம விடுறதும் ஆபத்து. 2020 மார்ச்சில கொரோனாவுக்கு ஊரடங்கு போட்ட காலம். பல்லு வைத்தியம் தூவானம் பறக்கிற வேலை எண்டு அவசரத்தை விட மற்றதெல்லாம் நிண்டிட்டுது. மூதூரில என்ட மாமாவுக்குக் கீழ்க் கடைவாயில கொதி. கராம்பு எண்ணெய் வைச்சார், பிறகு புகையிலை அடைஞ்சார். ஊரடங்கு எடுத்த பிறகும் போகேல்ல, ‘இந்த நேரம் வாயைத் திறந்து காட்ட எனக்கென்ன விசரா’ எண்டார். தாடை வீங்கி, நாக்கு மேல தள்ளி, ஒரு நாள் எச்சில் முழுங்க ஏலாமப் போச்சு. கிண்ணியாப் பாலத்தால அம்புலன்சில கொண்டு வந்து, கழுத்தில வெட்டிச் சீழ் எடுத்தவங்க. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா மூச்சுக்குழாய் அடைபட்டிருக்கும் எண்டு டொக்டர் சொன்னவர். அது வேற ஆரிட்ட இருந்தும் தொத்தினது இல்ல. அவர்ட வாயில இருந்த கிருமி, அவர்ட சொத்தைப் பல்லுக்குள்ளால இறங்கினது.

அக்கா, அதுதான் ‘போகமாட்டன்’ எண்டது பிழை எண்டுறன்.

2024 ஜூன் 19, காலை 6.30

‘எப்பிடிக் கேக்கிறது, டொக்டர் கோவிக்க மாட்டாரா?’

கோவிக்கிறவரும் இருக்கார். நான் நோயாளியாப் போன ஒரு இடத்தில ‘நீர் படிச்சதெங்க?’ எண்டு என்னைக் கேட்டவர். ‘உங்கட கதிரைக்குக் கீழ’ எண்டு சொல்ல வாய் வந்தது, சொல்லேல்ல, ஊசி அவர்ட கையில. இன்னொரு இடத்தில அந்த டொக்டர் சிரிச்சுப்போட்டு பின்னறைக்குக் கூட்டிக்கொண்டு போய், அழுக்குச் சாமான் வாற பக்கம் இது, சுத்தம் போற பக்கம் இது, நடுவில திரும்பி வராது எண்டு காட்டினவ. என்ட பிள்ளைகளை அவவிட்டத்தான் கொண்டு போறன்.

நான் வழக்கமாச் சொல்றது: ‘டொக்டர், எனக்குக் கொஞ்சம் பயம், பவுச்சை எனக்கு முன்னால உடையுங்கோ.’ பயம் எண்டு சொன்னா ஒருத்தரும் கோவிக்கிறதில்ல. பிள்ளைகளெண்டா இன்னும் லேசு, ‘இதென்ன பை, எனக்குக் காட்டுங்க’ எண்டு அவங்களே கேப்பாங்க.

2024 ஜூன் 19, இரவு 9.50

வீட்டில வந்து பல்லுக் கட்டித் தாறவர் மலிவு எண்டு எழுதினவருக்கு: அவரிட்ட எந்த ஒட்டோகிளேவ்? பையில குறடு, பிளாஸ்டிக் பல்லு, ஒரு பழைய ஊசி. பல்லு டொக்டர் எண்டா இலங்கை மருத்துவச் சபையில பதிஞ்சிருக்க வேணும், தனியார் கிளினிக் எண்டா 2006 ஆம் ஆண்டின் சட்டப்படி அதுக்கும் ஒரு பதிவு வேணும். சுவரில மாட்டியிருப்பாங்க, பாருங்க. இதுக்கு மேல எழுதக் கோவம்தான் வருது.

2024 ஜூன் 21, பகல் 11.40

போயா, கடை பூட்டு. அதால நீட்டா எழுதுறன். பிடுங்கின பிறகு வாற தொற்றில கனக்க எங்கட கையாலதான் வருது.

பிடுங்கின குழியில ரத்தம் உறைஞ்சு ஒரு கட்டி நிக்கும். அதுதான் மூடி. கோஸ் துணியை அரை மணித்தியாலம் இறுக்கிக் கடிச்சுக்கொண்டு இருக்கச் சொன்னா இருங்க, அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா எடுத்து ‘இன்னும் வருதா’ எண்டு பாக்காதீங்க. முதல் 24 மணித்தியாலம் கொப்பளிக்கவும் கூடாது, காறித் துப்பவும் கூடாது, ஸ்ட்ரோவால உறிஞ்சவும் கூடாது. கட்டி கழண்டா எலும்பு தெரியும், ரெண்டு மூண்டு நாளால வாற அந்தக் கொதி பிடுங்க முதல் இருந்ததை விட மோசம். சிகரெட் பத்தினா அது வாற சாத்தியம் கூட. வெத்திலையை அந்தக் கிழமை விடுங்க. எங்கட ஆக்களுக்கு இதுதான் பெரிய தண்டனை, தெரியும். அடுத்த நாளில இருந்து இளஞ்சூட்டு உப்புத் தண்ணி.

பாமசியில போய் அமொக்சிசிலின் நாலு குளிசை வாங்கி ரெண்டைப் போட்டுப்போட்டு மிச்சத்தை அலுமாரியில வைக்கிற பழக்கத்தையும் விடுங்க. டொக்டர் தந்தா முழுசா முடியுங்க, தராட்டிக் கேக்காதீங்க.

இருதயத்தில செயற்கை வால்வு வைச்சவங்க, முன்னம் ஒருக்கா இருதயத்துக்குள்ள தொற்று வந்தவங்க, கதிரையில ஏற முதல் கட்டாயம் சொல்லுங்க. இவங்களுக்கு வழக்கமா வேலைக்கு அரை மணித்தியாலத்தில இருந்து ஒரு மணித்தியாலம் முதல் அமொக்சிசிலின் 2 கிராம் ஒரே தரத்தில குடுப்பாங்க, ஒவ்வாமை எண்டா வேற மருந்து. அதை டொக்டர் தீர்மானிக்கட்டும். சீனி வருத்தக்காரர் காலமை சாப்பிட்டு, வழக்கமான மருந்தும் போட்டுட்டுப் போங்க. வெறும் வயித்தில வரிசையில நிண்டு மயங்கி விழுந்த ஆக்களைக் கண்டிருக்கிறன்.

2024 ஜூன் 23, இரவு 8.15

உவர்மலை அண்ணை பெரியாஸ்பத்திரியில பல்லைப் பிடுங்கிப்போட்டார், குறடு பவுச்சோடதான் வந்ததாம். வேர்ச் சிகிச்சைக்கு மூண்டு கிளினிக்குக்குப் போன் எடுத்து ஹாண்ட்பீஸ் கணக்கைக் கேட்டாராம். ஒருத்தர் போனை வைச்சிட்டார், ஒருத்தர் ‘ஏழு’ எண்டார், ஒருத்தர் ‘அதென்ன, நீங்க வாங்கி விக்கிற ஆளா?’ எண்டாராம். ஏழு எண்ட இடத்தில திகதி எடுத்திருக்கிறார்.

அண்ணைக்கு ஒரு சின்ன விஷயம், இதைக் கனபேர் சொல்றதில்ல. வேலை நடக்கேக்க உதட்டோரம் கொழுவுற மெல்லிய எச்சில் உறிஞ்சிற குழாய் இருக்கே, ‘வாயை மூடி உறிஞ்சுங்க’ எண்டு உதவியாளர்ப் பிள்ளை சொன்னாலும் உதட்டால அதை இறுக்கி மூடாதீங்க. வாய்க்குள்ள வெறுமை கூடி, குழாயில முந்தின ஆளுக்கு எடுத்த தண்ணி பின்னோக்கி வர இடமிருக்கு. நுனி புதுசுதான், பின்னால இருக்கிற குழாய் பழசு. வாயைத் திறந்தபடியே உறிஞ்ச விடுங்க, இல்லாட்டிக் கோப்பையில துப்புங்க.